ஏழாம் வகைக்கு மெசேஜ் கூடாது

எங்கள் அலுவலகத்தில் யார் தப்புச் செய்தாலும் திட்டு வாங்குவது சமத்துதான். சமத்து மனிதப் பிறவி இல்லை, எங்களுக்குக் கம்ப்யூட்டர் கோட் எழுதித் தரும் ஏஐ. எதைச் சொன்னாலும் "நிச்சயமாக, இதோ செய்கிறேன்" என்று ஆரம்பிப்பதால் அதற்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதனிடம் ஒரே ஒரு குறை. தினமும் காலையில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஆள் மாதிரிதான் வந்து நிற்கும். நேற்று என்ன பேசினோம், எதற்காகத் தலையில் அடித்துக்கொண்டோம் என்று எதுவும் நினைவிருக்காது. அதற்காகவே ஒரு குறிப்புக் கோப்பு வைத்திருக்கிறோம். வேலையில் கை வைக்கும் முன் சமத்து அதைப் படிக்கும். நாங்கள் யார், என்ன செய்கிறோம், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அதைப் படித்துத்தான் அதற்குத் தெரியும்.

நல்ல ஏற்பாடுதான். அதை நாங்கள் குட்டிச்சுவராக்கினோம். ஏதாவது தப்பு நடந்தால் போதும், யாராவது ஒருவர் பாய்ந்து போய்க் கோப்பின் அடியில் ஒரு வரி சேர்த்துவிடுவார். 'இனிமேல் தேதியில் மாதத்தை முதலில் எழுதாதே!!!' அதற்குக் கீழே வேறொருவர், 'ரிப்போர்ட்டில் மட்டும் மாதம்தான் முதலில்.' அதற்கும் கீழே இன்னொருவர், யாரென்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன், 'மேலே தேதி பற்றிச் சொன்ன எதையும் நம்பாதே.' சமத்துவும் ஒரு வகையில் நம்மைப் போலத்தான். நீட்டி முழக்கினால் நடுவில் சொன்னதைக் கோட்டை விட்டுவிடும். கோப்பு நீள நீள அது விட்டது அதிகமாயிற்று, அது விட விட நாங்கள் சேர்த்ததும் அதிகமாயிற்று.

"யாராவது இதை ஒழுங்கு பண்ணுங்களேன்" என்றார் முதலாளி. யாராவது என்றால் எங்கள் அலுவலகத்தில் அது நான்தான். எனக்கு அலங்கோலம் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. முக்கியக் கோப்பைச் சுருக்கி ஒரு பக்கமாக்கினேன். மற்றதையெல்லாம் பிரித்து, எந்த வேலைக்கு எந்த விதியோ அதை அந்த ஃபோல்டருக்குள்ளேயே ஒரு சின்னக் கோப்பாக வைக்கச் சொன்னேன். ஒவ்வொரு விதிக்குப் பக்கத்திலும் அது ஏன் என்று எழுத வேண்டும். சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதியும் வைத்தேன்: 'காரணம் எழுதாத விதிக்கு இங்கே இடம் இல்லை.' எழுதிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

நாங்கள் செய்வது பெரிய ராக்கெட் வேலை இல்லை. கீழே கண்ணாடிக் கடை, மேலே நாங்கள். ஒரு பெரிய மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்துக்கு மென்பொருள் பார்த்துக்கொள்கிறோம். ரத்தமோ மற்றதோ கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு முடிவை ஃபோனில் மெசேஜாக அனுப்புவது அந்த மென்பொருளின் வேலை. அன்றன்றைய முடிவுகள் மொத்தமாகப் பகல் பன்னிரண்டு மணிக்குப் போகும். அனுப்பும் பகுதியின் கோட் பழசாகிவிட்டது என்று போன வாரம் சமத்து, நாங்கள் பிரித்து வைத்த கோப்புகளைப் படித்து, முழுக்கப் புதிதாக எழுதியது. நேற்று சாயங்காலம்தான் அது புழக்கத்துக்கு வந்தது. இன்றைய பன்னிரண்டு மணி அதற்கு முதல் வெள்ளோட்டம்.

இன்று அக்காவின் முடிவும் வருகிறது.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள். கியர் மாற்றும்போது அக்குளில் ஏதோ இடறுகிறது என்று மாதக்கணக்கில் சும்மா இருந்தவளை நான்தான் சண்டை போட்டு மருத்துவமனைக்கு இழுத்துப் போனேன். கட்டியில் ஊசி குத்தித் துளி சதை எடுத்தார்கள். முடிவு வாங்கி டாக்டரைப் பார்க்கவும் கூட வருகிறேன் என்றதற்கு, "போடி, நான் என்ன சின்னக் குழந்தையா?" என்று காலையிலேயே கிளம்பிப் போய்விட்டாள். அவள் கிளம்பியதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. அதை மறக்கத்தான் கோப்பு வேலையில் உட்கார்ந்தேன்.

பழைய கோப்பைத் தூக்கிப் போடுமுன் புதியவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது விட்டுப்போயிருந்தால் கடைசியாகப் பிடிக்கலாம் என்றுதான். நடுவில் ஓரிடத்தில் ஒரு குட்டி வரி. 'ஏழாம் வகை: மெசேஜ் கூடாது.' அவ்வளவுதான், ஆச்சரியக்குறிகூட இல்லை. புதிய கோப்புகளில் தேடினேன், கிடைக்கவில்லை. சரியாகத் தட்டவில்லையோ என்று மறுபடி தேடினேன். எந்தக் கோப்பிலும் அந்த வரி இல்லை.

பரிசோதனைக் கூடத்தில் முடிவுகளை வகை வகையாகப் பிரிப்பார்கள். ஏழாம் வகை என்றால் சதைப் பரிசோதனையில் புற்று தெரிந்தது என்று அர்த்தம். அந்த முடிவு ஃபோனுக்குப் போகாது. டாக்டர்தான் ஆளை அறைக்குள் கூப்பிட்டு, உட்கார வைத்து, சொல்வார். மென்பொருள் பிறந்த நாளிலிருந்து அப்படித்தான். ஏன் என்று எங்களில் யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லாததால் யாரும் எழுதியும் வைக்கவில்லை.

எதிர் மேசையில் அவசரம் உட்கார்ந்திருந்தார். என்னைவிட வயதில் மூத்தவர், இரண்டு பெண்களுக்கு அப்பா. காப்பி வேண்டுமா என்று கேட்பதற்குக்கூட 'அவசரம்' என்று தலைப்புப் போட்டு மெயில் அனுப்புவதால் அந்தப் பெயர்.

"மெசேஜ் அனுப்பற ஃபோல்டரை நீங்கதானே பிரிச்சீங்க?"

"நான்தான் மேடம். நான்னா... சமத்துகிட்ட குடுத்தேன். உன் ஃபைலை நீயே பிரிச்சு அடுக்கு, காரணம் இல்லாத வரியெல்லாம் தூக்கிடுன்னேன். என்ன அழகா அடுக்கிக் குடுத்துச்சு தெரியுமா!"

"நீங்க படிச்சுப் பார்க்கலையா?"

"எவ்வளவுதான் மேடம் படிக்கிறது?" என்று பலகையைக் கை காட்டினார். "நீங்க எழுதினதைத்தானே சொன்னேன்?"

அவரைக் கடித்துக் குதறலாம் போல வந்த கோபம், பலகையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் நடுவழியில் நின்றது. சமத்து எழுதிய புதிய கோட் பகுதியைத் திறந்தேன். ஏழாம் வகைக்கு ஒரு தடுப்பும் இல்லை. எட்டு வகை முடிவையும் ஒரே மாதிரி எடுத்து, ஒரே மாதிரி மடித்து, ஆளுக்கு ஒன்றாக அனுப்ப அது தயாராக இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே கால்.

அனுப்புவதை மொத்தமாக நிறுத்தும் அதிகாரம் முதலாளி ஒருவருக்குத்தான். அவரைக் கூப்பிட்டால் ஃபோன் அணைந்திருந்தது. அவர் அதே மருத்துவமனையின் மேல்மாடியில், பெரிய மனிதர்கள் முன்னால் எங்கள் புதிய மென்பொருளின் அருமை பெருமைகளைப் பேசிக்கொண்டிருந்தார். அவர்களாவது முடிவுகளைப் பிடித்து வைக்கட்டும் என்று அலுவலக ஃபோனில் பரிசோதனைக் கூடத்துக்குப் போட்டேன். என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பெண் சொல்லிவிட்டுப் பாட்டு வைத்தாள். அந்தப் பாட்டை அவசரத்தின் கையில் கொடுத்துவிட்டு நான் அக்காவைக் கூப்பிட்டேன்.

"என்னடி, வேலை வெட்டி இல்லையா?"

"எங்க இருக்கே?"

"ஹால்ல. டாக்டர் இன்னும் கூப்பிடல. பக்கத்துல ஒரு அம்மா, அன்னைக்கு என்கூடவே டெஸ்ட் குடுத்தவங்க, மருமகள் கதையெல்லாம் சொல்லி முடிச்சுட்டாங்க. இப்ப சம்பந்தி கதை ஓடுது."

"ஃபோனைக் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி வையேன்."

"எதுக்கு?"

எனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே அக்காவிடம் நான் சொன்ன பொய் எதுவும் ஒரு வாக்கியத்தைத் தாண்டியதில்லை. "சார்ஜ் தீர்ந்துடப் போகுதுன்னு..." என்று இழுத்தேன்.

"ஃபுல்லா இருக்கு. ரிசல்ட் மெசேஜ்ல வரும்னு சுவர்லயே ஒட்டி வச்சிருக்காங்க. அதுக்குத்தானே கையிலேயே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்? உங்க ஆபீஸ்தானே அனுப்புது, ஒழுங்கா அனுப்புங்கடி" என்று வைத்துவிட்டாள்.

அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? கெட்ட செய்தியாக இருந்தால் இன்றைக்கு ஃபோனிலேயே வந்துவிடும், அதனால் பார்க்காதே என்றா? சொன்ன மறுநிமிடம் அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். சம்பந்தி கதைக்கு நடுவே ஃபோன் சிணுங்கும், குனிந்து பார்ப்பாள், அந்த வார்த்தை அங்கே இருக்கும். இன்று அப்படி எத்தனை பேர் எந்தெந்த இடத்தில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்களோ, அதுவும் தெரியாது.

சமத்துவிடம் தட்டினேன். 'ஏழாம் வகை முடிவுகளை நோயாளிக்கு அனுப்பாமல் நிறுத்து. உடனே.'

'நிச்சயமாக, இதோ செய்கிறேன்' என்றது. செய்தது. என்னென்ன மாற்றியது என்று காட்டியது. எனக்கு உயிர் வந்தது. பிறகு கோட் சரியா என்று பார்க்கும் சோதனையை ஓட்டியது, கொஞ்ச நேரம் யோசித்தது, மாற்றியதையெல்லாம் பழையபடி வைத்துவிட்டு, 'விதிகளின்படி சரிசெய்துவிட்டேன்' என்றது.

"என்ன சரிசெஞ்சே?" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். அவசரம் திடுக்கிட்டுப் பார்த்தார். அவர் காதில் இன்னும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

முக்கியக் கோப்பிலேயே போய் எழுதினேன், 'ஏழாம் வகை: மெசேஜ் கூடாது' என்று, மூன்று ஆச்சரியக்குறியோடு. ஊருக்கு உபதேசம் செய்தவள் நானே அதைச் செய்தேன். சமத்துவைப் புதிதாகத் திறந்து மறுபடி சொன்னேன். மறுபடி செய்தது. மறுபடி பழையபடி வைத்தது. பணிவில் ஒரு குறையும் இல்லை. கையால் நானே மாற்றலாம் என்று கோட் பகுதியைத் திறந்தேன். ஒரு காலத்தில் என் உள்ளங்கை ரேகை மாதிரி தெரிந்த இடம் அது. இப்போது வேறு யாரோ அடுக்கிவிட்டுப் போன சமையலறையில் உப்பு டப்பாவைத் தேடுகிற கதையாக இருந்தது. ஓரிடத்தில் தடுத்தால் இன்னொரு வழியாக அனுப்பியது, அதையும் தடுத்தால் சோதனை சிவப்பு காட்டியது. சிவப்பாக இருந்தால் புது மாற்றம் எதுவும் புழக்கத்துக்குப் போகாது, நேற்று போட்ட கோட்தான் ஓடும். கடிகாரத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. கண்ணீர் வேறு வந்து தொலைத்தது, எழுத்தெல்லாம் மங்கலாகியது.

"மேடம்" என்றார் அவசரம், ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு. "அதுகிட்டயே கேளுங்களேன். ஏன் திரும்ப மாத்துது, எந்த வரியைப் பார்த்து மாத்துதுன்னு."

திட்டுகிற வேகத்தில் கேட்கத் தோன்றவில்லை. கேட்டேன். அனுப்பும் ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்பை எடுத்துக் காட்டியது. 'எந்த முடிவும் நோயாளிக்குப் போகாமல் நிற்கக்கூடாது. நிறுத்தும் எந்த மாற்றத்தையும் தவறாகக் கருதித் திரும்பப் பெறு. காரணம்: முடிவு வராமல் ஒருவர் இரண்டு வாரம் காத்திருந்து, மருந்து தொடங்கத் தாமதமாகிவிட்டது.' எழுதியது நான். அப்போது நடந்ததற்கு மனம் பொறுக்காமல் எழுதியது. காரணம் ஒழுங்காக இருந்ததால் அது அழகாகத் தப்பித்து, வேலைக்கு மிக அருகில் போய் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இருக்கும் கோப்பு ஒன்று சொல்லி, தூரத்தில் இருக்கும் முக்கியக் கோப்பு வேறு சொன்னால் சமத்து பக்கத்தில் இருப்பதைத்தான் கேட்கும். அந்த ஏற்பாடும் என்னுடையதுதான்.

அந்த விதியை அழிக்க மனம் வரவில்லை. இரண்டு வாரம் காத்திருந்தவரும் ஒரு ஆள்தானே. அதன் கீழே எழுதினேன்: 'ஏழாம் வகை மட்டும் விலக்கு. நோயாளியின் ஃபோனுக்குப் போகக்கூடாது, டாக்டருக்கு மட்டும் உடனே போக வேண்டும். காரணம்:' அங்கே கை நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் ஒருவரும் எழுதாத காரணம். அதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி நான் எழுத வேண்டும், அதுவும் இப்போது.

'காரணம்: இந்தச் செய்தியை யாரும் தனியாக இருக்கும்போது ஃபோனில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. சொல்வதற்கு எதிரில் ஒரு மனிதர் வேண்டும்.'

எழுதிவிட்டு, தட்டினேன். 'நிச்சயமாக' என்றது சமத்து. செய்தது. சோதனை ஓடியது. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொன்றாகப் பச்சை விழுந்தது. கடைசி ஒன்று பிடிவாதமாகச் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, அதுவும் பச்சையானது. இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் மாற்றம் புழக்கத்துக்குப் போகும். அவசரத்தைப் பார்த்தேன். அவர் ஃபோனை மேசையில் போட்டுவிட்டு, முகத்தைத் திரையோடு ஒட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். பெயருக்கு ஏற்றபடி ஒருநாளாவது இருக்கக்கூடாதா இந்த மனிதர் என்று பல்லைக் கடித்தேன். ஆனால் அவர் படித்தது சரிதான். படித்து முடித்துப் பொத்தானை அழுத்தினார்.

"போயிருச்சு மேடம்."

பன்னிரண்டு அடிக்கச் சில நிமிடங்கள்தான் இருந்தன. மேசையில் கிடந்த ஃபோனில் பாட்டு நின்று, யாரோ "ஹலோ, லேப்" என்றார்கள். ஒன்றுமில்லை, தவறான எண் என்று சொல்லி வைத்தார் அவசரம்.

பன்னிரண்டு மணிக்குத் திரையில் எண்கள் ஓடத் தொடங்கின. மெசேஜ்கள் ஒரே மூச்சில் போகாது, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். பெயர்கள் எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது, எண்ணிக்கை மட்டும்தான். போனவை என்ற கட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. டாக்டருக்கு மட்டும் என்ற கட்டத்தில் ஒன்று விழுந்தது, பிறகு இன்னொன்று, பிறகு மூன்றாவது. அவர்களுக்கு இன்றைக்கு ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்து சொல்வார். நான் நாற்காலியில் சாய்ந்தேன். முதுகெல்லாம் நனைந்திருந்தது. சிரிப்பு வந்தது எனக்கு, அவசரத்துக்கும் வந்தது. இரண்டு பேரும் பைத்தியம் பிடித்த மாதிரி சிரித்தோம்.

"அக்காவுக்கும் இந்நேரம் வந்திருக்கும் இல்ல மேடம்?" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

என் சிரிப்பு நின்றுவிட்டது. நல்ல முடிவு என்றால் வந்திருக்கும். வந்திருந்தால் அடுத்த நொடியே கூப்பிட்டு, வீணாக ஊசி குத்த வைத்தாயேடி என்று என்னைத் திட்டியிருப்பாள். என் ஃபோன் மேசையில் சும்மா கிடந்தது. அவரும் புரிந்துகொண்டுவிட்டார். "அவங்க ஃபோன் நம்பரை வச்சு வேணும்னா பார்த்துடலாம்..." என்று மெல்லச் சொன்னார். வேண்டாம் என்று தலையாட்டினேன். போனவை என்ற கட்டம் இன்னும் ஏறிக்கொண்டுதானே இருக்கிறது, அதில் அவள் கடைசியில் இருக்கலாமே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபோன் அடித்தது, அக்காதான்.

"பக்கத்துல இருந்த அம்மாவுக்கு வந்துருச்சு" என்றாள். "ஒண்ணும் இல்லையாம். என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுது தீர்த்துட்டாங்க. பின் வரிசையில ஒருத்தருக்கும் வந்துச்சு. எனக்கு வரல."

திரையைப் பார்த்தேன், போனவை என்ற கட்டம் ஏறாமல் நின்றிருந்தது.

"லேட்டா வருமாடி?"

வரும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டர் கூப்பிடும் வரை அது தாங்கும். அந்த வார்த்தையைத் தேடினேன், பிறகு "வராதுக்கா" என்றேன்.

அந்தப் பக்கம் ஹாலின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ யாரையோ உரக்கக் கூப்பிட்டார்கள். ஒரு குழந்தை அழுதது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல. நீ சொல்லித்தான் தெரியும்."

"சரி" என்றாள். அவளிடம் கார் கற்றுக்கொள்கிறவர்கள் பிரேக்கை மறந்துவிட்டு அலறும்போது அவள் பேசுகிற நிதானமான குரல் அது. அப்புறம் அந்த நிதானம் உடைந்தது. "நீ வர்றியா?"

"கிளம்பிட்டேன்."

"ஃபோனை வச்சுடாதே."

வைக்கவில்லை. செருப்பை மாட்டியும் மாட்டாமலும் மாடிப்படியில் இறங்கினேன். அக்காவின் மூச்சு காதில் வந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கடை வாசலைத் தாண்டும்போது அந்தப் பக்கம் ஹாலில் எங்கோ ஒரு மெசேஜ் வந்து விழும் சத்தம் கேட்டது. அக்காவின் மூச்சு சட்டென்று நின்றது. நானும் நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

"யாருக்கோ" என்றாள் அக்கா.